வெயில் ஏறுமுன் இறங்கும் முட்டி

பனம்பாளையிலிருந்து சொட்டும் சாற்றுக்கு ஆயுள் மிகக் குறைவு. முட்டிக்குள் விழுந்த கணத்திலிருந்தே அது வேறொன்றாக மாறத் தொடங்கிவிடும். விடியற்காலையில் இறக்கினால் நாக்கில் ஒட்டும் இனிப்பு. வெயில் ஏற ஏற நுரை கட்டும். உச்சிப்பொழுதில் தலைக்கு ஏறும். மறுநாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனையை நம்பி வாழ்ந்தவர்களின் நாள் முழுவதும் இந்த மாற்றத்தை ஒட்டியே ஓடியது. எப்போது ஏறுவது, எப்போது இறக்குவது, எதைக் கள்ளாக விற்பது, எதை அடுப்பில் ஏற்றுவது என்பதையெல்லாம் வெயில்தான் தீர்மானித்தது.

தை பிறந்ததும் பாளைகள் தலைகாட்டும். ஆண்பனை முந்திக்கொள்ளும், பெண்பனை பிந்தும். ஏறத்தாழ ஆனி வரை பருவம். சீவல் தொழிலாளி காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் கத்திகள் வைக்கும் இயனக்கூட்டைக் கட்டி, இருட்டு விலகுமுன் முதல் மரத்தில் கைவைப்பார். பாளையை இறுக்கிக் கட்டி, நாட்கணக்கில் பதமாகத் தட்டியும் நசுக்கியும் பழக்கினால்தான் சாறு வரும். அதன்பிறகு நாள்தோறும் நுனியை மெல்லியதாகச் சீவ வேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று ஒவ்வொரு மரத்திலும் இரண்டு முறை ஏறியிறங்க வேண்டிய வேலை இது. நோய், திருவிழா, செத்தவீடு எதுவும் பாளைக்குத் தெரியாது.

அந்திக்குக் கட்டிய முட்டி இரவெல்லாம் மரத்தில் இருக்கும். காலையில் கட்டிய முட்டி பகல் வெயிலைக் குடிக்கும். ஒரே மரம், ஒரே பாளை, ஏறக்குறைய ஒரே நேர அளவு. ஆனாலும் காலையில் இறங்குவதில் இனிப்பு மிஞ்சும், பின்னேரத்தில் இறங்குவதில் காரம் மிஞ்சும். தை, மாசி விடியல்களில் குடாநாட்டின் வெப்பநிலை 22, 23 பாகைக்கு இறங்கும். சித்திரைப் பகலில் 33, 34 பாகையைத் தொடும். பருவத்தின் தொடக்கத்தில் இறக்கிய கள்ளும் கடைசியில் இறக்கிய கள்ளும் ஒன்றல்ல என்பதை அறிய எந்த வெப்பமானியும் தேவைப்படவில்லை.

முட்டிக்குள் நடப்பது இரண்டு கட்ட வேலை. புதுச் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சீனி உண்டு. கடையில் வாங்கும் சீனியில் இருக்கும் அதே சுக்குரோசுதான் அது. காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும், முக்கியமாக நேற்றுக் கட்டிய முட்டியின் மண்சுவரிலிருந்தும் வரும் மதுவம் தன் நொதியத்தால் சுக்குரோசை இரண்டாக உடைக்கிறது. குளுக்கோசு ஒன்று, பிரக்டோசு மற்றொன்று. பிறகு அந்த எளிய சீனிகளைத் தின்று அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் ஆக்குகிறது. நுரை அந்த வாயுவின் வேலை. ஒரு நாளுக்குள் அற்ககோல் ஐந்து ஆறு சதவீதத்தை எட்டிவிடும். கூடவே வந்த பற்றீரியாக்கள் ஒருபுறம் லக்ரிக் அமிலத்தையும், பிந்தி வருபவை அற்ககோலையே தின்று அசற்றிக் அமிலத்தையும் உண்டாக்கும். கள்ளு வினாகிரியாகிப் போவது அப்படித்தான்.

மண்முட்டிக்கு இந்த இடத்தில் இரண்டு முகம். அதன் நுண்துளைகளில் ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளிருப்பது சற்றுக் குளிர்ந்தே இருக்கும். அதே துளைகளில் பழைய மதுவமும் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது. பிளாத்திக்குக் கொள்கலன் வந்தபின் கழுவுவது எளிதாயிற்று, குளிர்ச்சி போயிற்று. இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கு இலாபம் என்று கேட்டால், மரத்தில் ஏறுபவர் பாரம் குறைந்தது என்பார். குடிப்பவர் வேறு பதில் சொல்வார்.

வேடிக்கை என்னவென்றால், சாற்றைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்குபவர் அஞ்சும் அந்த முதல் கட்டச் சீனி உடைவை வைத்துத்தான் ஐரோப்பா தாக்க வீதத்தை அளக்கக் கற்றுக்கொண்டது. 1850 இல் ஜெர்மனியரான லுட்விக் வில்ஹெல்மி சீனிக் கரைசலில் அமிலம் சேர்த்து, அது உடைய உடைய அதனூடே செல்லும் ஒளியின் முறுக்கம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். ஓர் இரசாயனத் தாக்கத்தின் வேகத்தைக் கணக்கில் பிடித்த முதல் முயற்சி என்று அதையே சொல்வார்கள். 1884 இல் ஒல்லாந்தரான வான்ற் ஹொஃப், வெப்பநிலைக்கும் தாக்க வேகத்துக்கும் உள்ள உறவைத் தன் நூலில் எழுதினார். 1889 இல் சுவீடன்காரரான ஸ்வாந்தே அரீனியஸ் அதைத் துலக்கினார். அவர் கையிலெடுத்ததும் சீனி உடையும் தாக்கம்தான். மூலக்கூறுகள் மோதினால் மட்டும் போதாது, ஒரு தடையைத் தாண்டும் சக்தியும் அவற்றிடம் இருக்க வேண்டும். இலங்கைப் பாடநூல்கள் ஏவற்சக்தி என்று சொல்வது அதைத்தான். வெப்பநிலை சிறிது ஏறினாலும் தடையைத் தாண்டக்கூடிய மூலக்கூறுகளின் தொகை பன்மடங்காகும். பத்துப் பாகைக்கு இருமடங்கு என்று பள்ளியில் சொல்லித்தரும் வாய்பாடு ஒரு தோராயமே. அமிலத்தில் சீனி உடையும் தாக்கம் அறை வெப்பநிலையை ஒட்டி, பத்துப் பாகைக்கு நான்கு மடங்கு வரை விரைகிறது.

கொண்டாட்டங்களில் பிள்ளைகள் வளைத்து உடைத்துச் சுழற்றும் ஒளிக்குச்சியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே. 1960களில் அமெரிக்காவில் உருவான பொருள் அது. உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. அது உடைந்ததும் ஐதரசன் பேரொட்சைட்டு ஒட்சலேற்று எசுத்தரோடு கலந்து தாக்கமடைய, வெளிப்படும் சக்தியைச் சாயம் வாங்கி ஒளியாக உமிழ்கிறது. குச்சியைச் சுடுதண்ணீரில் போட்டால் கண்ணைக் கூச வைக்கும், சீக்கிரம் அணைந்துபோகும். குளிர்பெட்டியில் வைத்தால் மங்கி நீடிக்கும். ஆனால் கள்ளுமுட்டியை முற்றிலும் அதனோடு ஒப்பிட முடியாது. குச்சிக்குள் இருப்பது உயிரற்ற இரசாயனம். முட்டிக்குள் வேலை செய்வது உயிர். முப்பது, முப்பத்தைந்து பாகை வரை மதுவம் விரைவாகும், நாற்பதைத் தாண்டினால் தளரும், அறுபதில் செத்துவிடும். இந்தக் கடைசி உண்மை பின்னால் பெரிய வியாபாரமாக வந்து நிற்கும்.

அரீனியஸ் எழுதுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1875 இல், யாழ்ப்பாணத்துக்குத் தமிழில் ஓர் இரசாயன நூல் கிடைத்துவிட்டது. பெயர் கெமிஸ்தம். அமெரிக்க மருத்துவ மிஷனரியான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847 இல் குடாநாட்டுக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவ நிலையம் நடத்தி, உள்ளூர் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் படிப்பித்தவர். தமிழ் கற்று, பாடத்தைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கியதுதான் அவருடைய பெரிய காரியம். உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மொழிபெயர்ப்புகள் வந்தன. அந்த வரிசையில் அமெரிக்கரான வெல்ஸ் எழுதிய இரசாயனப் பாடநூலும் தமிழானது. 1884 இல் மாசச்சூசெற்ஸில் இறந்த கிறீன், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். அப்படியே பொறித்தார்கள்.

ஆனால் அந்த நூல் யார் கைக்குப் போயிற்று? வட்டுக்கோட்டை, மானிப்பாய் மிஷன் கல்விக்கூடங்களில் படித்தவர்களில் பெரும்பாலோர் நிலம் உள்ள வீடுகளின் பிள்ளைகள். முட்டிக்குள் நடக்கும் இரசாயனத்தை நாள்தோறும் மூக்காலும் நாக்காலும் அளந்துகொண்டிருந்த சீவல் தொழிலாளரின் பிள்ளைகளோ, இருபதாம் நூற்றாண்டில்கூடப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களோடு வாங்கில் சமமாக உட்காரப் போராட வேண்டியிருந்தது. சம ஆசனம், சம போசனம் என்பவை அன்று சிறிய கோரிக்கைகள் அல்ல. தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் அவர்கள் மறிக்கப்பட்டார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையும் போராட்டம் நடந்தது 1968 இல். அவர்கள் இறக்கிய கள்ளு எல்லாச் சாதியார் வீட்டு அப்பமாவிலும் ஊற்றப்பட்டது. அதில் தீட்டு இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. குடாநாட்டின் பனை வரலாற்றை மரத்தின் பெருமையாக மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போய்விடுகிறார்கள்.

மாற்றத்தைத் தடுத்து நிறுத்தவும் ஒரு வழி இருந்தது. குடாநாடே சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கிறது. கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டு, நீற்றி எடுத்த சுண்ணாம்பை முட்டியின் உட்புறத்தில் பூசிவிட்டால், விழும் சாறு காரத்தன்மை ஏறி நிற்கும். அந்தச் சூழலில் மதுவம் பெருகாது, நொதியமும் முடங்கும். வெயில் எவ்வளவு அடித்தாலும் சாறு இனிப்பாகவே இறங்கும். இதுவே கருப்பநீர், பேச்சில் கருப்பணி. தமிழ்நாட்டார் பதநீர் என்பார்கள். அமில, கார அளவைச் சொல்லும் பிஎச் அளவுகோலே 1909 இல்தான் பிறந்தது, அதுவும் கோப்பன்ஹேகனில் ஒரு பியர் உற்பத்தியாளரின் ஆய்வுகூடத்தில். யாழ்ப்பாணத்தில் விரல் நுனியில் எடுத்த சுண்ணாம்பின் அளவும் நாக்கும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன.

ஆண்கள் இறக்கியதைப் பெண்கள் காய்ச்சினார்கள். வடிகட்டிய கருப்பணி தாச்சியில் ஏறும். கீழே எரிவதும் பனையே, காவோலையும் கங்குமட்டையும் பன்னாடையும். முதலில் நீர்த்த திரவம் கொதித்துப் பொங்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் பொங்கல் அமரும். நீர் வற்ற வற்றக் கொதிநிலை நூறைத் தாண்டி நூற்றுப் பதினைந்து, இருபது பாகை வரை ஏறும். குமிழி சிறுத்துக் கனத்து, நிறம் பொன்னிலிருந்து செம்மைக்குப் போகும். துடுப்பு இழுக்கும் கனத்தைக் கைமணிக்கட்டு உணரும். அகப்பையிலிருந்து ஒரு துளியைத் தண்ணீரில் விடுவார்கள். கரைந்து பரவினால் இன்னும் காய வேண்டும். உருண்டு திரண்டால் இறக்கலாம். அந்தக் கணம் தவறினால் அடியில் தீய்ந்த கசப்பு தாச்சி முழுவதும் பரவிவிடும். இறக்கிக் கிண்டி, ஓலையில் இழைத்த குட்டான்களில் ஊற்றினால், ஆறி இறுகிப் பனங்கட்டி.

இறுகாமல் போவதும் உண்டு. சுண்ணாம்பு போதாமல் சாறு சற்றே புளித்திருந்தால் எத்தனை நேரம் காய்ச்சினாலும் அது பாகாகவே நிற்கும். குட்டானுக்குள் ஈரமாய்ப் பிசுபிசுக்கும். காரணம் அரீனியசின் கணக்கில் இருக்கிறது. முப்பது பாகையில் மெதுவாக நடந்த அமில உடைவு நூறு பாகையில் சில ஆயிரம் மடங்கு விரைகிறது. பாகினை இறுக்குவதற்காக மூட்டிய தீயே சுக்குரோசை உடைத்துத் தள்ளுகிறது. உடைந்த சீனிகள் பளிங்காவதில்லை, ஈரத்தையும் இழுக்கும். மாறாகச் சுண்ணாம்பு மிஞ்சிவிட்டால், அதே சூட்டில் அந்த எளிய சீனிகள் சிதைந்து கட்டியைக் கறுக்க வைக்கும், நாக்கில் காரல் ஏறும். மிதமான சுண்ணாம்பும் புளிக்காத சாறும் சேர்ந்தால்தான் நல்ல நிறம். கட்டியைப் பார்த்தவுடனே அது எந்த வீட்டு அடுப்பில் காய்ந்தது என்று சொல்லக்கூடியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பாகைப் பக்குவமாக ஆறவிட்டுப் பளிங்காக்கினால் கல்லாக்காரம். இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் அதுதான் வீட்டு மருந்து.

சுண்ணாம்புப் பூச்சு சட்டத்தின் எல்லைக்கோடாகவும் ஆனது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளு தடை. பதநீர் இறக்கலாம், கள்ளு இறக்கக் கூடாது. ஒரே பாளை, ஒரே முட்டி. உட்புறம் வெள்ளையாக இருந்தால் தொழில், இல்லாவிட்டால் வழக்கு. இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. தவறணை எனும் கள்ளுக்கடைக்கு எதிரான மதுவிலக்கு இயக்கம் யாழ்ப்பாணத்திலும் வலுவாக இருந்தது. தவறணைகள் மூடப்பட்ட காலத்தில் மரவரி முறை நடந்தது. சீவும் மரத்துக்கு இவ்வளவு என்று வரி கட்டிவிட்டு, மரத்தடியிலேயே விற்கலாம்.

வரி முறைகூடக் கள்ளின் சுவையை மாற்றியது. மரத்தடி விற்பனையில் முட்டிக்கும் வாய்க்கும் இடையே சில நிமிடங்கள்தான். ஓலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் கொடுத்தால் அது உடன்கள்ளு. தவறணை முறையில் பல மரங்களின் கள்ளு ஒன்றாகக் கலந்து, துவிச்சக்கரவண்டியில் வெயிலோடு வெயிலாக ஊர்ந்து, பீப்பாயில் காத்திருந்து, பிறகுதான் குவளைக்கு வரும். ஒவ்வொரு மணி நேரமும் முப்பது பாகைக்கு மேல். தவறணைக் கள்ளு கடுமையாக இருந்ததற்குக் கலப்படத்தை மட்டும் குற்றம் சொல்வது முழு நியாயமாகாது.

1970களில் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டார்கள். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம். வடமராட்சியில் திக்கம் வடிசாலை, விற்பனையாகாமல் மிஞ்சும் கள்ளைச் சாராயமாக்க. வடிசாலையின் தேவை கணக்குப்படி எளிது. பருவத்தின் உச்சத்தில் ஊர் குடித்துத் தீர்க்க முடியாத அளவுக்குக் கள்ளு இறங்கும், மறுநாள் அது புளித்த நீர். அற்ககோலாக வடித்துவிட்டால் வெயில் அதை ஒன்றும் செய்யாது.

பிறகு போர். 1990 இல் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. குளிர்பெட்டிகள் வெறும் அலுமாரிகளாயின. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து எரித்த சிக்கன விளக்குகள். சீனி எட்டாத விலைக்குப் போக, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தார்கள். அதுவரை கிராமத்துப் பண்டம் என்று ஒதுக்கியிருந்த வீடுகளிலும் குட்டான் புகுந்தது. கரன்ற் இல்லாத ஊரிலும் கெடாமல் நிற்கும் இனிப்பு அது. மறுபக்கம், பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்கும் ஏராளமான பனைகள் தறிக்கப்பட்டன. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த பின்னரே பாளை விடும் மரம் அது. வடலியாக நட்டவர் சீவுவதைப் பார்க்க வேண்டுமானால் பொறுமை வேண்டும்.

இன்று கூட்டுறவுச் சங்கங்களின் கள்ளு போத்தலில் வருகிறது, வெளிநாடுகளுக்கும் போகிறது. பதப்படுத்தும் முறை பஸ்தேர் 1860களில் திராட்சை மதுவுக்குச் செய்ததன் வழிவந்ததே. போத்தலில் அடைத்து அறுபது, எழுபது பாகைச் சூட்டில் வைத்தால் மதுவம் இறந்து தாக்கம் நிற்கும். குளிரவைத்து மெதுவாக்குவதற்குப் பதிலாக, சூடாக்கியே நிறுத்துவது. மாதக்கணக்கில் கெடாத கள்ளு இதனால்தான் சாத்தியமாயிற்று. பருவம் இல்லாத ஐப்பசியிலும் கிடைக்கும், கொழும்பிலும் கிடைக்கும். ஆனால் பழக்கப்பட்டவர்கள் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பார்கள். வாயில் பொரியும் நுரையும், விடியற்காலைக் கள்ளின் இளமணமும் போத்தலில் இல்லை என்பார்கள். அது வீண் குறை அல்ல. கள்ளின் மணத்தைத் தரும் எளிதில் ஆவியாகும் சேர்வைகளும் அதே சூட்டில் மாறிவிடுகின்றன, வேலை செய்யும் மதுவம் இல்லாமல் புது வாயுவும் எழுவதில்லை. மதுவத்தை வடிகட்டி நீக்கிச் சூட்டைத் தவிர்க்கும் முறைகள் பியர்த் தொழிலில் உண்டு. அவற்றுக்கான கருவியும் முதலீடும் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு எட்டக்கூடியவையாக இல்லை.